காலப்பயண ஆக்‌ஷன் படங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"டைம் டிராவல் படமா ஒண்ணு சொல்லுங்க. ஆனா பேசிக்கிட்டே இருக்கக் கூடாது, அடிதடி வேணும்." வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கேட்டுவிடுகிறார். தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போனதால் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் போட்டுவிட்டேன். கதையின் முடிச்சை அவிழ்க்க வேண்டி வந்தால், அதற்கு முன்பே எச்சரித்துவிடுகிறேன்.

ஒரே ஒரு படம்தான் பார்க்க முடியும் என்றால் எது?

2014-இல் வந்த 'எட்ஜ் ஆஃப் டுமாரோ'. டக் லைமன் இயக்கம், டாம் க்ரூஸ், எமிலி பிளண்ட். ஐரோப்பாவை வேற்றுலக உயிரினங்கள் பிடித்துவிட்டன. ராணுவத்துக்கு விளம்பரம் பேசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஒரு மேஜரைப் போர்முனைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இறங்கிய சில நிமிடங்களில் செத்தும் போகிறான். சாகும்போது ஓர் உயிரினத்தின் ரத்தம் அவன்மேல் கொட்டிவிடுவதால் முந்தைய நாளில் கண் விழிக்கிறான். மறுபடியும் போர், மறுபடியும் சாவு.

டாம் க்ரூஸ் என்றால் முதல் காட்சியிலேயே எல்லாம் தெரிந்தவர் என்று பழகிப்போயிருக்கிறோம். இங்கே துப்பாக்கியின் லாக்கை எடுக்கக்கூடத் தெரியாமல் நிற்பார். அந்தக் கோழை நூறு சாவு செத்து வீரனாவதுதான் படம். எமிலி பிளண்ட் பயிற்சி கொடுக்கும் காட்சிகளில், இவருக்குக் கால் உடைந்தால் அவர் சற்றும் யோசிக்காமல் நெற்றியில் சுட்டு, நாளை முதலிலிருந்து தொடங்கவைப்பார். கொலையைப் பார்த்துக் குலுங்கிச் சிரிக்கிறோமே என்று நமக்கே ஒரு மாதிரி இருக்கும்.

மூலக்கதை ஜப்பானியர் ஹிரோஷி சகுரசகா 2004-இல் எழுதிய நாவல். நடிகர்கள் மாட்டியிருக்கும் அந்த இரும்பு உடைகள் நாற்பது கிலோவை ஒட்டிய எடை. மணலில் தள்ளாடி ஓடுவதில் பாதி நடிப்பே இல்லை. அமெரிக்காவில் இது வெளியானது ஜூன் 6 அன்று, நார்மண்டி கடற்கரையில் நேசப்படைகள் இறங்கியதன் 70-ஆம் ஆண்டு நாளில். கடற்கரைப் போர்க்காட்சியைப் பார்த்தால் அந்தத் தேதியின் பொருத்தம் புரியும்.

எதை வைத்து நல்ல படம், சுமாரான படம் என்று பிரிக்கிறீர்கள்?

ஒரு கேள்விதான். இந்தச் சண்டையைக் காலப்பயணம் இல்லாத படத்தில் வைக்க முடியுமா? முடியும் என்றால் டைம் மெஷின் வெறும் அலங்காரம். சாதாரண அடிதடிப் படத்துக்கு ஒரு புகைமண்டல செட் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நல்ல படத்தில் காலப்பயணத்துக்கு ஒரு கறாரான விதி இருக்கும், சண்டை அந்த விதியிலிருந்தே பிறக்கும். அந்த விதிக்கு ஹீரோ ஏதாவது ஒரு விலையும் கொடுப்பான். நினைத்தபோதெல்லாம் பின்னால் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்றால் வில்லன் சுடும்போது நமக்கு ஏன் பதற வேண்டும்? மேலே சொன்ன படத்திலேயே பாருங்கள்: காயம்பட்டு ஆஸ்பத்திரியில் வேறு ரத்தம் ஏற்றிவிட்டால் அந்தச் சக்தி போய்விடும். அதனால் சாவதற்குப் பயமில்லாதவன், சாகாமல் பிழைத்துவிடுவோமோ என்று பயப்படுகிறான்.

'டெர்மினேட்டர்' பழைய படமாயிற்றே, இப்போது பார்த்தால் எடுபடுமா?

எடுபடும். 1984-இல் ஜேம்ஸ் கேமரூன் எடுத்தது. ரோமில் காய்ச்சலில் படுத்திருந்தபோது கண்ட கனவில் நெருப்பிலிருந்து ஓர் உலோக எலும்புக்கூடு எழுந்து வந்ததாகவும், அதிலிருந்துதான் கதை கிடைத்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். செலவு சுமார் 64 லட்சம் டாலர். இன்றைய ஹாலிவுட்டில் அது ஒரு சண்டைக் காட்சிக்கே காணாது.

சாரா என்ற பெண்ணைக் கொல்ல எதிர்காலத்திலிருந்து ஓர் இயந்திரம் வருகிறது, அவளைக் காப்பாற்ற ஒரு வீரனும் வருகிறான். விதியைக் கவனியுங்கள். 2029-இலிருந்து வருபவர்கள் துணிகூட இல்லாமல்தான் வர முடியும். உயிருள்ள தசை மட்டுமே காலத்தைக் கடக்கும். ஆகவே எதிர்காலத்து ஆயுதம் எதுவும் வராது. இயந்திரமும் மனிதத் தசையைப் போர்த்திக்கொண்டுதான் வர முடிகிறது. அதை எதிர்க்க வந்த கைல் ரீஸ் கையில் லேசர் துப்பாக்கி இல்லை. போலீஸ் காரிலிருந்து திருடிய சாதாரண ஷாட்கன், சமையலறையில் கலந்து செய்த பைப் குண்டுகள், இவைதான். திரும்பிப் போகவும் வழி கிடையாது. ஒரே ஒரு விதியால் படத்தின் எல்லாத் துரத்தல்களுக்கும் பசி ஏறிவிடுகிறது. பட்ஜெட் குறைவாக இருந்ததும் இந்த விதியும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போயின என்று எனக்குத் தோன்றும்.

கடைசியில் அந்த எலும்புக்கூடு நடந்து வரும்போது பொம்மை என்பது தெரிகிறது. தெரிந்துவிட்டுப் போகட்டும்.

இரண்டாம் பாகம் முதலாவதைவிட நன்றாக இருக்கும் என்கிறார்களே?

ஆக்‌ஷனில் ஆமாம். 1991-இல் வந்த 'டெர்மினேட்டர் 2' சுமார் 10 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டது. நான்கு ஆஸ்கர்கள் வாங்கியது. திரவமாய் உருகி ஓடும் வில்லன் இயந்திரம் டி-1000 பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள். ஆனால் கணினியில் வரைந்த அந்தக் காட்சிகள் மொத்தமாகவே சில நிமிடங்கள்தான் வரும். மீதியெல்லாம் கைவேலை. ஒரே சட்டகத்தில் இரண்டு சாரா தேவைப்பட்ட இடத்தில் நடிகை லிண்டா ஹாமில்டனின் இரட்டைச் சகோதரியை நிறுத்தினார்கள். காவலாளி இரண்டாகத் தெரியும் காட்சியிலும் இரட்டையர்தான். பாலத்துக்கு அடியில் ஹெலிகாப்டர் நுழைந்து போவது நிஜமாகவே ஓட்டியது.

லாஸ் ஏஞ்சல்ஸின் வறண்ட கால்வாய்க்குள் லாரி துரத்தும் காட்சியை முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள். லாரி எவ்வளவு பெரியது, பையனின் பைக் எவ்வளவு சிறியது, இருவருக்கும் நடுவே எத்தனை அடி என்பது ஒவ்வொரு நொடியும் கண்ணுக்குத் தெரியும். இப்போதைய படங்களில் கேமரா குலுங்குகிற குலுக்கலில் யார் யாரைத் துரத்துகிறார் என்பதே புரிவதில்லை.

மூன்றாம் பாகத்திலிருந்து பார்க்க வேண்டுமா?

வேண்டாம். 2003, 2009, 2015, 2019 என்று நான்கு படங்கள் வந்தன. ஒவ்வொன்றும் முந்தையதை ஏதோ ஒரு வகையில் அழித்து எழுதுகிறது. முந்தைய வெற்றிக்கு மதிப்பில்லை என்று படமே சொல்லிவிட்ட பிறகு, நாம் ஏன் பதற வேண்டும்?

தமிழில் பார்க்கத்தக்கது எது?

அதிரடி என்று கேட்டால் 'மாநாடு' (2021). வெங்கட் பிரபு இயக்கம், யுவன் இசை. நண்பனின் கல்யாணத்துக்காகத் துபாயிலிருந்து வரும் அப்துல் காலிக், முதலமைச்சர் பேசவிருக்கும் மாநாட்டில் நடக்கப்போகிற கொலைச் சதியில் மாட்டிக்கொள்கிறான். ஒவ்வொரு முறை செத்ததும் விமான இருக்கையில் கண் விழிக்கிறான்.

இதுவரை எல்லோரும் செய்ததுதான். இடைவேளையை ஒட்டி நடப்பதுதான் விசேஷம். (இங்கே ஸ்பாய்லர். பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.) வில்லனும் அதே சுழலுக்குள் வந்துவிடுகிறான். வழக்கமாக, ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும் இந்த லூப் வகைப் படத்தில் ஹீரோவுக்கு மட்டும்தான் நேற்று நடந்தது ஞாபகம் இருக்கும், மற்றவர்கள் சதுரங்கக் காய்கள். இங்கே எதிரிக்கும் ஞாபகம் இருப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் இருவரும் கற்றுக்கொள்கிறார்கள், சண்டை இரண்டு மூளைகளுக்கு நடுவே நடக்கிறது. அலுத்துச் சலித்து, திரும்பத் திரும்ப ஒரே நாளில் சாகிற அந்த வில்லன் போலீஸ் அதிகாரியின் எரிச்சலை எஸ்.ஜே. சூர்யா நடித்த விதத்துக்காகவே இரண்டாம் முறை பார்த்தேன். அவர் சொல்லும் 'ரிப்பீட்டு' என்ற ஒற்றைச் சொல் ஊரெல்லாம் மீம் ஆனது சும்மா இல்லை. ஒரே காட்சிகள் திரும்பத் திரும்ப வந்தும் சலிக்காததற்கு எடிட்டர் கே.எல். பிரவீணுக்குப் பாதிப் பாராட்டு போக வேண்டும். ஒரு முஸ்லிம் இளைஞனைக் கொலைகாரனாகக் காட்டிக் கலவரம் மூட்டும் திட்டம்தான் கதையின் நடு. அதனால் அவன் ஒவ்வொரு முறை சாவதிலும் தோற்பதிலும் ஓர் அரசியல் கனம் இருக்கிறது.

'24', 'இன்று நேற்று நாளை', 'மார்க் ஆண்டனி' எல்லாம்?

'இன்று நேற்று நாளை' (2015) எனக்கு மிகப் பிடித்த தமிழ்க் காலப்பயணப் படம். ஆனால் அதை ஆக்‌ஷன் என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. ரவிக்குமார் இயக்கிய முதல் படம். டைம் மெஷின் கையில் கிடைத்தால் நம்மூர் ஆட்கள் உலகத்தைக் காப்பாற்றவா போவார்கள்? தொலைந்த பொருள் எங்கே என்று பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஜோசியமாகச் சொல்லிக் காசு பார்க்கிறார்கள். அந்த யோசனை இந்த மண்ணில்தான் வரும்.

'24' (2016) விக்ரம் குமார் இயக்கம், சூர்யாவுக்கு மூன்று வேடம், ரஹ்மான் இசை. ஒளிப்பதிவுக்கும் கலை இயக்கத்துக்கும் தேசிய விருது கிடைத்தது. கைக்கடிகாரத்தைத் திருகி இருபத்து நான்கு மணி நேரம் வரைதான் போக முடியும் என்பது அருமையான விதி. வில்லன் ஆத்ரேயா வருகிற காட்சிகளில் படம் நிமிர்ந்து உட்காரும். காதல் காட்சிகளில் அதே கடிகாரத்தை விளையாட்டுச் சாமானாக்கிவிட்டதில் விதி கொஞ்சம் தளர்ந்துவிட்டது என்பது என் குறை.

'மார்க் ஆண்டனி'யில் (2023) ஆள் போவதில்லை, குரல் மட்டும் டெலிபோன் வழியாகப் பழைய காலத்துக்குப் போகிறது. லாஜிக்கை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நல்ல கூத்து.

இன்னும் பின்னால் போனால் 1991-இல் சிங்கீதம் சீனிவாசராவ் தெலுங்கில் எடுத்த 'ஆதித்யா 369' இருக்கிறது. தமிழில் 'அபூர்வ சக்தி 369' என்று வந்தது. பாலகிருஷ்ணா, இளையராஜா இசை, கிருஷ்ணதேவராயர் சபைக்கும் எதிர்காலத்துக்கும் பயணம். இப்போது பார்க்கும்போது சண்டைகள் சாதுவாகத் தெரியலாம். குழந்தைகளோடு பார்க்க ஏற்றது.

கார் துரத்தல் பிடிக்கும். காலப்பயணத்தோடு சேர்ந்த நல்ல துரத்தல் உண்டா?

உண்டு. அதிகம் பேர் கவனிக்காத படத்தில். டோனி ஸ்காட்டின் 'டேஜா வூ' (2006). நியூ ஆர்லியன்ஸில் படகில் குண்டு வெடித்துப் பலர் சாகிறார்கள். சுமார் நான்கு நாளுக்கு முன்பு நடந்ததைத் திரையில் பார்க்கும் கருவி ஒன்று அரசிடம் இருக்கிறது. விதி: நேரத்தை முன்னே பின்னே தள்ள முடியாது, நான்கு நாளுக்கு முந்தைய அந்தக் கணம் ஓடிக்கொண்டே இருக்கும், இப்போது விட்டால் விட்டதுதான்.

குற்றவாளி அந்தப் பழைய நாளில் காரில் கிளம்பி, கருவியின் எல்லையைத் தாண்டிப் போகிறான். அவனைத் தொடர வேண்டுமானால் கையடக்கக் கருவியோடு யாராவது அதே சாலையில் இன்று போக வேண்டும். டென்சல் வாஷிங்டன் தலையில் மாட்டிக்கொண்டு வண்டியை எடுக்கிறார். ஒரு கண்ணில் நான்கு நாளுக்கு முந்தைய சாலை, இன்னொரு கண்ணில் இன்றைய போக்குவரத்து. துரத்தப்படுகிறவன் காலியான சாலையில் நிம்மதியாகப் போகிறான், அவனுக்குப் பின்னால் ஒருவர் வருவதே தெரியாது. துரத்துகிறவரோ எதிரே வரும் கார்களை இடித்துத் தள்ளிக்கொண்டு போகிறார். இரண்டு வண்டிகளும் ஒரே இடத்தில் இருந்தும் ஒன்றையொன்று தொட முடியாது. நான் மேலே சொன்ன அளவுகோலுக்கு இதைவிடச் சரியான உதாரணம் கிடையாது. இந்தத் துரத்தலை வேறெந்தப் படத்திலும் வைக்க முடியாது.

சண்டை குறைவாக இருந்தாலும் பதற வைக்கிற படம்?

'லூப்பர்' (2012). 2074-இன் குற்றக் கும்பல்கள் ஆட்களைக் கட்டி முப்பது வருடம் பின்னால் அனுப்புகின்றன, அங்கே காத்திருக்கும் கூலிக்கொலையாளி சுட்டுப் புதைக்கிறான். ஒருநாள் அவன் முன்னால் வந்து நிற்பது அவனுடைய வயதான உருவமே. இளையவர் ஜோசப் கார்டன்-லெவிட், மூத்தவர் புரூஸ் வில்லிஸ். இளையவன் உடம்பில் விழும் வெட்டு மூத்தவன் உடம்பில் பழைய தழும்பாகத் தோன்றும் என்பது விதி. ஒரு கிழவன் தப்பி ஓட, ஓட, அவன் விரல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். திரையில் கத்தியே தெரியாது. ராத்திரித் தூக்கம் போய்விடும். குழந்தைகள் பக்கத்தில் இருந்தால் இந்தப் படத்தைப் போடாதீர்கள்.

அடுத்தது 'சோர்ஸ் கோட்' (2011). சிகாகோ போகும் ரயிலில் குண்டு, கண்டுபிடிக்க எட்டே நிமிடம், வெடித்ததும் மறுபடி எட்டு நிமிடம். ஒரே பெட்டிக்குள் இவ்வளவு செய்யலாமா என்று இருக்கும்.

'டெனட்' புரியவே இல்லை. எப்படிப் பார்ப்பது?

முதல் முறை புரிந்துகொள்ள முயற்சிக்காதீர்கள். கிறிஸ்டோபர் நோலனின் 2020 படத்தில் யாரும் ஒரு தேதியை அழுத்தி அங்கே போய் இறங்குவதில்லை. பின்னால் போக வேண்டுமானால் சுழல்கதவு போன்ற இயந்திரத்துக்குள் நுழைந்து, ஒரு வாரம் பின்னால் போக ஒரு வாரம் முழுவதையும் தலைகீழாக வாழ வேண்டும். தலைகீழாகப் போகிறவனால் சாதாரணக் காற்றைச் சுவாசிக்க முடியாது. எனவே ஒரு எளிய வழி: முகத்தில் ஆக்ஸிஜன் மாஸ்க் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவன் பின்னோக்கிப் போகிறான். இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் படம் தெளிந்துவிடும்.

ஆஸ்லோ கிடங்கின் நடைபாதைச் சண்டை படத்தில் இரண்டு முறை வரும். முதல் முறை ஒருவன் விழுந்தபடியே எழுகிறான், அடி வாங்கிய பிறகு கை ஓங்குகிறான். இரண்டாம் முறை ஏன் என்று தெரியும். அதே இடத்தில் கட்டடத்தில் மோதும் விமானம் நிஜமான போயிங் 747. மினியேச்சரும் இல்லை, கணினியும் இல்லை. மும்பையிலும் எடுத்திருக்கிறார்கள், டிம்பிள் கபாடியாவுக்கு வலுவான பாத்திரம். வசனம் பல இடங்களில் இசையில் மூழ்கிவிடும் என்பதால் சப்டைட்டில் கட்டாயம். அதற்காக நோலனை மன்னிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

சூப்பர்ஹீரோ படங்களில்?

'எக்ஸ்-மென்: டேஸ் ஆஃப் ஃபியூச்சர் பாஸ்ட்' (2014). உல்வரினின் மனதை மட்டும் 1973-க்கு அனுப்புகிறார்கள். மனம் கொந்தளித்தால் பிடி நழுவிவிடும். படத்திலேயே மிகப் பெரிய கோபக்காரனைப் பிடித்து, நீ கோபப்படக் கூடாது என்கிறார்கள். அந்தக் குறும்புக்காகவே பிடிக்கும்.

'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' (2019) மூன்று மணி நேரத்துக்கும் மேல், முந்தைய படங்கள் தெரியாமல் பார்த்தால் பாதி போய்விடும். தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

போர்ப்படம் மாதிரி ஏதாவது? இன்றைய ராணுவம் பழைய காலத்துக்குப் போவது போல?

இரண்டு இருக்கின்றன, இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் வேடிக்கை. அமெரிக்காவின் 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்' (1980): நிமிட்ஸ் என்ற அணுசக்தி விமானந்தாங்கிக் கப்பல் புயலில் சிக்கி, பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு முந்தைய நாளான 1941 டிசம்பர் 6-க்குப் போய்விடுகிறது. நிஜக் கப்பலிலேயே எடுத்தார்கள். எஃப்-14 ஜெட்கள் ஜப்பானிய ஜீரோ விமானங்களைச் சுற்றிப் பறக்கும் காட்சி கண்கொள்ளாதது. (ஸ்பாய்லர்: நாம் காத்திருக்கிற அந்தப் பெரும்போர் நடக்கவே நடக்காது. இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு போடாமல் எழுப்பிவிட்ட மாதிரி இருக்கும்.)

அந்தப் பசியைத் தீர்க்க 1979-இன் ஜப்பானியப் படம் 'ஜி.ஐ. சாமுராய்'. சோனி சிபா நடித்தது. தற்காப்புப் படையின் ஒரு சிறு பிரிவு டாங்கி, ஹெலிகாப்டர், படகு சகிதம் பதினாறாம் நூற்றாண்டில் போய் விழுகிறது. தளபதிக்கு அந்தக் காலத்துப் போர்வெறி பிடித்துவிடுகிறது. அந்தக் காலத்துப் போர்த்தலைவன் தக்கேதா ஷிங்கென் படையோடு மோதும் இறுதிப் போர் நீண்டுகொண்டே போகும். தோட்டா தீரும், எரிபொருள் தீரும், வாளும் அம்பும் தீராது. இயந்திரத் துப்பாக்கியால் ஆயிரம் பேரை வென்றுவிடலாம் என்ற நினைப்பைப் படம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி எடுக்கும்.

அறிவியல்படி இதெல்லாம் நடக்குமா?

முன்னோக்கிப் போவது நடக்கிறது, மிகச் சிறிய அளவில். ஐன்ஸ்டீன் சொன்னபடி வேகமும் ஈர்ப்பும் கடிகாரத்தை மாற்றும். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களின் கடிகாரம் நம்முடையதைவிட நாளொன்றுக்குச் சுமார் 38 மைக்ரோசெகண்டு முந்துவதால் அதைத் திருத்தித்தான் பயன்படுத்துகிறார்கள். பிரம்மலோகம் போய்த் திரும்பிய ரைவத மன்னன், பூமியில் யுகங்களே கடந்துவிட்டதைக் கண்டு, மகள் ரேவதியைப் பலராமனுக்குக் கொடுத்த பாகவதக் கதையும் ஞாபகம் வரும். பின்னோக்கிப் போனவர் யாரும் இல்லை. ஸ்டீபன் ஹாக்கிங் 2009-இல் காலப்பயணிகளுக்கு ஒரு விருந்து வைத்து, விருந்து முடிந்த பிறகே அழைப்பிதழை வெளியிட்டார். ஒருவரும் வரவில்லை.

டப்பிங்கில் பார்க்கலாமா?

'டெர்மினேட்டர்' வகையறாவைத் தாராளமாகத் தமிழில் பாருங்கள், அர்னால்ட் பேசுவதே கொஞ்சம்தான். வசனத்தில் விதி ஒளிந்திருக்கும் படங்களை, 'லூப்பர்', 'சோர்ஸ் கோட்' போன்றவற்றை, மூலமொழியில் சப்டைட்டிலோடு பார்ப்பது நல்லது.

மனைவிக்கு இந்த அறிவியல் சமாசாரமே பிடிக்காது. இருவரும் சேர்ந்து பார்க்க?

'ரன் லோலா ரன்', ஜெர்மன், 1998. இயந்திரம் கிடையாது, விளக்கம் கிடையாது. காதலனைக் காப்பாற்ற இருபது நிமிடத்தில் ஒரு லட்சம் மார்க் வேண்டும். சிவப்புத் தலைமுடியோடு லோலா பெர்லின் தெருக்களில் ஓடுகிறாள். தோற்றால் மறுபடி முதலிலிருந்து, மொத்தம் மூன்று ஓட்டம். துப்பாக்கியை எடுத்தால் பாதுகாப்பு லாக்கைத் தள்ளத் தெரியாத லோலா, அடுத்த சுற்றில் யாரும் சொல்லாமலே தள்ளிவிடுகிறாள். அதைக் கவனித்துவிட்டு என் மனைவி, "இவளுக்கு எப்படி ஞாபகம் இருக்கு?" என்று கேட்டாள். படம் 81 நிமிடம்தான், அந்தக் கேள்வியைப் பேசி முடிக்க எங்களுக்கு அதைவிட நேரம் ஆனது.